பொறி வைத்த கைகள்: காட்டுப்பூனை முதல் பாப்கேட் வரை ஒரு சின்ன வரலாறு

இது கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டு ஆற அமர உட்கார்ந்து வாசியுங்கள்.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் ஒரு படம் அனுப்பினார். அவர் வீட்டுக் கொல்லையில் குட்டை வாலோடு ஒரு பூனை நிற்கிறது. நாட்டு நாய் உயரம் இருக்கும். "ஐயா, இதைப் பாப்கேட் என்கிறார்கள். இங்கே உரிமம் வாங்கிப் பொறி வைத்துப் பிடிக்கிறார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு வகுப்பே நடக்கிறது. நம் ஊரில் இப்படி உண்டா?" என்று கேட்டிருந்தார். இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் விலங்கைப் பற்றி. பாப்கேட் வட அமெரிக்காவில் மட்டும் வாழ்வது. வால் வெட்டிவிட்டது போலக் குட்டையாக இருப்பதால் அந்தப் பெயர். அது நம் நாட்டில் இல்லை. அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க நம்மிடம் இருப்பது காட்டுப்பூனை. இதற்கும் வால் மற்றப் பூனைகளைவிடக் குட்டை, கால் நீளம், காது நுனியில் சின்னதாக ஒரு மயிர்க்கற்றை, காலில் மங்கலான பட்டைகள். ஆற்றங்கரை நாணல், குளத்து உள்வாய், உடங்காடு, நெல் வயல் எல்லாம் அதன் இடம். சீவலப்பேரியில் தாமிரபரணியும் சிற்றாறும் கூடுகிற கரையும், கிழக்கே வல்லநாட்டுக் குன்றும் அதற்கு ஏற்றவை. 1987இல் வெளிமானுக்காக அறிவிக்கப்பட்ட வல்லநாட்டுச் சரணாலயத்தில் காட்டுப்பூனையும் பாதுகாப்பாக இருக்கிறது.

பழந்தமிழில் இதற்கு வெருகு என்று பெயர். குறுந்தொகையின் 139ஆம் பாட்டில் ஒக்கூர் மாசாத்தியார் ஒரு காட்சி காட்டுகிறார். மாலை நேரம், வேலியோரம் வெருகு வருகிறது. வீட்டுப் பேடைக்கோழி பதறிக் குஞ்சுகளைக் கூவி அழைக்கிறது. இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் நம் வீடுகளில் அந்தி சாயும்போது கோழியைப் பஞ்சாரத்தில் போட்டு மூடுகிறோமே, அது இந்தப் பாட்டின் தொடர்ச்சிதான்.

இனிப் பொறிக்கு வருவோம். சங்க காலத்தில் அடார் என்று ஒரு கல்பொறி இருந்தது. பெரிய பலகைக் கல்லைச் சாய்வாக நிறுத்தி, கீழே முட்டுக் கொடுத்து, உள்ளே இரை வைப்பார்கள். விலங்கு இரையை இழுத்தால் முட்டு விலகும், கல் விழும். தலையாலங்கானத்துப் போரைப் பாடும் புறநானூற்று 19ஆம் பாட்டில் புலி வேட்டுவன் மாட்டிய அடார் உவமையாக வருகிறது. நற்றிணையின் 119ஆம் பாட்டில் வருவது இன்னும் சுவையானது. தினை மேய வரும் பன்றிக்காகப் புனத்துக்காரன் அடார் வைக்கிறான். அதில் மாட்டுவதோ புலி!

மலைபடுகடாம் இன்னொரு செய்தி தருகிறது. பரிசில் பெறப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்லும்போது, பன்றிக்குப் பயந்து வழிகளில் கல்பொறி மாட்டியிருப்பார்கள், ஆகவே இரவில் நடக்காதீர்கள், தங்கிவிட்டு விடிந்த பிறகு போங்கள் என்று எச்சரிக்கிறது. பொறிக்கு முகம் தெரியாது என்பதை அன்றே நம் முன்னோர் தெரிந்து வைத்திருந்தார்கள். பன்றிக்கு வைத்தது புலியையும் பிடிக்கும், வழிப்போக்கனையும் பிடிக்கும். இதை மனதில் வையுங்கள். பின்னால் இந்த இடத்துக்குத் திரும்ப வருவேன்.

பொறி வைப்பதில் உண்மையான வித்தை பொறியில் இல்லை, இடம் பார்ப்பதில் இருக்கிறது. எந்த நாட்டில் தொடங்குகிறவரும் முதலில் படிக்க வேண்டிய பாடம் அதுதான். விலங்கு தினமும் எந்த வழியில் போகிறது, எங்கே எச்சம் போடுகிறது, எங்கே மண்ணைக் கீறி எல்லை குறிக்கிறது, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, மனித வாடை அங்கே படிகிறதா, இத்தனையும் தெரிந்த பிறகுதான் கண்ணியோ கூண்டோ. பூனைத் தடத்துக்கும் நாய்த் தடத்துக்கும் வேறுபாடு என்ன? நாயின் தடத்தில் நகம் பதியும். பூனை நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், ஆகவே பெரும்பாலும் நகம் பதியாது. சிறுத்தைக்கும் இதே கணக்குத்தான்.

இந்த அறிவை நம் பக்கத்தில் வயிற்றுப் பாட்டுக்கே நம்பி வாழ்ந்தவர்கள் நரிக்குறவர்கள். குருவிக்காரர் என்றும் சொல்வோம். வடக்கிலிருந்து பல தலைமுறைகளுக்கு முன் இடம்பெயர்ந்து வந்தவர்கள். அவர்கள் தமக்குள் பேசும் வாக்ரிபோலி குஜராத்தி, மராத்தி போன்ற வடமொழிகளோடு உறவுள்ளது. எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்ற நூலில் குருவிக்காரர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். நரியைப் போலவே வாயால் ஊளையிட்டு நரிகளை வரவழைத்துப் பிடிக்கும் திறமை அதில் பதிவாகியிருக்கிறது.

கவுதாரிக்கும் காடைக்கும் கண்ணி, முயலுக்கு வலை, நரிக்கு ஊளை, காட்டுப்பூனைக்குக் கண்ணியும் நாட்டுத் துப்பாக்கியும். கறி அடுப்புக்கு, தோல் வியாபாரிக்கு. என் சிறு வயதில் அறுப்பு முடிந்த வயல் பக்கம் அவர்கள் கூடாரம் போடுவதைப் பார்த்திருக்கிறேன். வயல்காரர்கள் அவர்களை ஊருக்குள் சேர்க்கவும் மாட்டார்கள், வேண்டாம் என்று விரட்டவும் மாட்டார்கள். கோழி திருடும் பூனையையும் பயிரை அழிக்கும் உயிர்களையும் பிடித்துக் கொடுக்கிறார்களே என்று ஒரு கணக்கு.

அந்தக் கணக்கில் ஒரு தப்பும் உண்டு. காட்டுப்பூனையின் முக்கிய உணவு எலி. ராஜஸ்தானின் சரிஸ்காவில் நடந்த ஆய்வு ஒரு காட்டுப்பூனை நாளொன்றுக்கு 3 முதல் 5 எலிகள் வரை பிடித்துத் தின்னும் என்று கணக்கிட்டது. மாதத்துக்கு நூறு எலி என்று வைத்துக்கொள்ளுங்கள். கோழிக்குஞ்சு ஒன்று போனதற்கு நாம் போடும் கூச்சல், அது காப்பாற்றிய நெல்லுக்கு வருவதில்லை.

இதே காலத்தில் கடலுக்கு அப்பால் பொறி பெரிய தொழிலாக வளர்ந்தது. இங்கிலாந்து அரசர் 1670இல் பட்டயம் கொடுத்த ஹட்சன் வளைகுடாக் கம்பெனி, வட அமெரிக்காவின் விலங்குத் தோல் வணிகத்துக்காகவே உருவானது. நமக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி எப்படியோ அவர்களுக்கு அது அப்படி. 19ஆம் நூற்றாண்டில் நியூயார்க் மாநிலத்தில் சீவெல் நியூஹவுஸ் என்ற கொல்லர் இரும்புத் தாடைப் பொறிகள் செய்தார். அவர் சேர்ந்த ஒனைடா என்ற சமூகக் குடியிருப்பு அதையே பெரிய ஆலைத் தொழிலாக்கியது. புதிதாகப் பொறி வைக்கத் தொடங்குகிறவர்களுக்கான அவருடைய வழிகாட்டிப் புத்தகம் 1865இல் வந்தது. நம் மாணவர் சொன்ன வகுப்புக்கு வயது அவ்வளவு!

1970களில் ஒரு திருப்பம். புள்ளியுள்ள பெரிய பூனைகளின் தோல் வணிகத்துக்கு உலக அளவில் கட்டுப்பாடு வந்தது. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகம் பற்றிய உடன்படிக்கை 1973இல் வாஷிங்டனில் கையெழுத்தாகி 1975இல் நடைமுறைக்கு வந்தது. 1976இல் இந்தியாவும் சேர்ந்தது. சிறுத்தைத் தோல் கிடைக்காத வியாபாரிகள் பாப்கேட் பக்கம் திரும்பினார்கள், அதன் தோல் விலை ஏறியது. ஒரு கதவை அடைத்தால் கூட்டம் அடுத்த கதவுக்குப் போகும் என்பதற்கு இது உதாரணம். இன்றும் அங்கே பல மாநிலங்களில் உரிமமும், ஏற்றுமதிக்கு அடையாளச் சீட்டும் வைத்துப் பாப்கேட் பிடிப்பது சட்டப்படி நடக்கிறது. கலிபோர்னியா 2015இல் பாப்கேட்டுக்குப் பொறி வைப்பதைத் தடை செய்தது.

நம் நாடு வேறு பாதையில் போனது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்ற சொல்லுக்குக் கொடுத்த விளக்கத்தைக் கவனியுங்கள். சுடுவது, கொல்வது மட்டும் வேட்டை இல்லை. பிடிப்பது, கண்ணி வைப்பது, பொறி வைப்பது, அதற்கு முயல்வதுகூட வேட்டை. மனித உயிருக்கு ஆபத்தான விலங்கு என்றால் தலைமை வன உயிரினக் காப்பாளர் எழுத்தில் அனுமதி கொடுத்தால்தான் பிடிக்கலாம். ஆயிரக்கணக்கில் வெளிநாடு போய்க்கொண்டிருந்த காட்டுப்பூனைத் தோல்களும் 1970களின் இறுதியோடு நின்றன.

சட்டம் சரியானது. அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. அது வந்திராவிட்டால் இன்றைக்கு நம் பேரப்பிள்ளைகள் காட்டுப்பூனையைப் படத்தில்தான் பார்த்திருப்பார்கள். நான் கேட்பது அடுத்த கேள்வி. பொறியை நிறுத்தினோம். பொறி வைத்தவருடைய அறிவை என்ன செய்தோம்? இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே இரண்டு விடைகள் இருக்கின்றன.

முதல் விடை இருளர்கள். வட மாவட்டங்களில் பாம்பு பிடித்துத் தோல் விற்று வாழ்ந்தவர்கள். 1976இல் பாம்புத் தோல் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டதும் பிழைப்பு போனது. ஆனால் ரோமுலஸ் விட்டேக்கர் போன்றவர்களின் முயற்சியால் 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் அரசு அனுமதியோடு பிடித்து, நஞ்செடுத்து, சில வாரங்களில் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். அந்த நஞ்சிலிருந்துதான் பாம்புக்கடி மருந்து தயாராகிறது. அதே கை, அதே கண். பாம்பும் சாகவில்லை, பிடித்தவரும் பட்டினி கிடக்கவில்லை, கடிபட்ட மனிதனும் பிழைக்கிறான்.

இந்த இடத்தில் நம் மாணவரின் பாப்கேட் திரும்ப வருகிறது பாருங்கள். தென் புளோரிடாவில் எவர்கிளேட்ஸ் என்ற பெரிய சதுப்பு நிலம் இருக்கிறது. ஆசியாவிலிருந்து செல்லப் பிராணியாகக் கொண்டுபோன பர்மா மலைப்பாம்புகள் அங்கே தப்பிப் பெருகிவிட்டன. 2012இல் வந்த ஓர் ஆய்வு, மலைப்பாம்பு பரவிய பிறகு அங்கே ரக்கூன் கண்ணில் படுவது 99.3 விழுக்காடும் பாப்கேட் கண்ணில் படுவது 87.5 விழுக்காடும் குறைந்துவிட்டன என்று சொன்னது. நாய்கள், போட்டிகள் என்று என்னென்னவோ செய்து பார்த்தார்கள். கடைசியில் 2017 ஜனவரியில் நம் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் அழைத்தார்கள். இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகள் பிடிபட்டன. கைவிட்ட பழைய ஏவுகணைத் தளம் ஒன்றில் கிடைத்த 16 அடிப் பெண் பாம்பும் அதில் ஒன்று. 2023இல் இந்திய அரசு இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தது. அமெரிக்கப் பூனை பிழைக்க ஒரு வழி, நம் ஊர்க்காரர் படித்த தடத்தில் இருந்தது.

இரண்டாவது விடை நரிக்குறவர்கள். அவர்களுக்கு அப்படி ஒரு சங்கம் வரவில்லை. கண்ணி வைத்த விரல்கள் ஊசிமணி பாசிமணி கோக்கப் போயின. பேருந்து நிலையத்திலும் கோயில் வாசலிலும் கடை விரித்தார்கள். இன்று அந்தப் பொழுதும் குறைந்துவிட்டது. பிளாஸ்டிக் மணி எங்கும் கிடைக்கிறதே.

நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் ஒரு நரிக்குறவப் பையன் இருந்தான். மழை பெய்த மறுநாள் அடிகுழாயைச் சுற்றிச் சேறாக இருக்கும். அந்தச் சேற்றைப் பார்த்து, "சார், ராத்திரி கீரி வந்திருக்கு. அதுக்குப் பின்னால பூனை. பூனைக்கு ஒரு கால் நொண்டி" என்பான். மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் அவனையே பாடம் நடத்தச் சொல்வேன். சூழ்நிலையியல் பாடத்தில் அவனுக்கு இணை கிடையாது. ஆனால் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போக வேண்டும், அங்கே சான்றிதழ் கேட்டார்கள், குடும்பம் வேறு ஊருக்கு நகர்ந்தது, படிப்பு அதோடு நின்றது.

நரிக்குறவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கலாம் என்று லோகூர் குழு 1965இலேயே சொன்னது. தமிழ்நாடு அரசு 2008இல் அவர்களுக்கென நல வாரியம் அமைத்தது. பட்டியலில் சேர்க்கும் சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறியது 2022 டிசம்பரில். கணக்குப் போடுங்கள், 57 ஆண்டுகள். அதற்குள் மூன்று தலைமுறைப் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாமல் போய்விட்டார்கள். இன்று சான்றிதழ் கிடைக்கிறது. அதோடு சேர்ந்து அவர்களுடைய அறிவுக்கும் ஓர் இடம் கிடைத்தால்தான் அந்தச் சட்டம் முழுமை பெறும் என்பது என் எண்ணம்.

அந்த அறிவு இப்போது எதற்கு என்று கேட்பவர்களுக்கு, நம் ஆறு இறங்கி வரும் பாபநாசத்தைக் காட்டுகிறேன். மையப் பகுதி மட்டும் 895 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் அடிவாரம். 2024 மே மாதத்தில் வேம்பையாபுரம், அனவன்குடியிருப்புப் பகுதிகளில் ஆட்டையும் நாயையும் சிறுத்தை தூக்கிப் போனது. வனத்துறை கூண்டு வைத்து அடுத்தடுத்துச் சிறுத்தைகளைப் பிடித்து உள்காட்டில் விட்டது. நாமும் வாட்ஸ்அப்பில் அந்தக் கூண்டுப் படங்களைப் பகிர்ந்து மகிழ்ந்தோம். ஆடு வளர்த்துப் பிழைக்கும் அந்த மக்களின் பயம் நியாயமானது. குழந்தையை வாசலில் விட முடியாத வீட்டில் இருந்துகொண்டு யாரும் தத்துவம் பேச முடியாது.

ஆனாலும் வரலாறு ஒன்று சொல்கிறது. மகாராஷ்டிரத்தில் ஜுன்னார் பகுதியில் இதே போலச் சிறுத்தைகளைக் கூண்டில் பிடித்து வேறு காட்டில் விட்டார்கள். வித்யா ஆத்ரேயாவும் உடன் ஆய்வாளர்களும் அதைக் கணக்கெடுத்தார்கள். 1993 முதல் 2001 வரை ஆண்டுக்குச் சராசரி 4 ஆக இருந்த மனிதர் மீதான தாக்குதல், இடமாற்றம் மும்முரமாக நடந்த 2001 முதல் 2003 வரையான காலத்தில் 17 ஆக உயர்ந்தது. பழகிய இடத்தை விட்டு வீசப்பட்ட விலங்கு திகைத்து அலைகிறது. காலியான இடத்துக்கு வேறு ஒன்று வருகிறது. கூண்டு கடைசி மருந்து, முதல் மருந்து இல்லை. முதல் மருந்து கூரையும் கதவும் உள்ள ஆட்டுக்கொட்டகை, தெருவில் குப்பையும் கறிக்கழிவும் கொட்டாமை, இரவில் வெளிச்சம். அடுத்தது, எந்தச் சிறுத்தை, எந்த வழியில், எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது என்று தடம் பார்த்துச் சொல்ல ஓர் ஆள். அப்படிப்பட்ட ஆள் நம்மிடையே மணி கோத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

முன்பே சொன்ன நற்றிணைப் பாட்டுக்கு இப்போது வருகிறேன். நம் பக்கத்து வாழைத் தோட்டங்களில் பன்றித் தொல்லை எவ்வளவு என்று எனக்கும் தெரியும். ஒரே இரவில் நூறு வாழையைச் சாய்த்துவிட்டுப் போகும். அதற்காக வேலியில் கம்பிச் சுருக்கு வைப்பதும் மின்சாரக் கம்பி இழுப்பதும் சில இடங்களில் நடக்கிறது. பன்றிக்கு வைத்த சுருக்கில் பக்கத்து வீட்டு நாய் மாட்டும், காட்டுப்பூனை மாட்டும், சிறுத்தை மாட்டும். மின்கம்பியில் தண்ணீர் பாய்ச்சப் போன மனிதர் மாட்டுவார். அன்று கூத்தர்களுக்காவது விடிந்த பிறகு போங்கள் என்று சொல்ல ஒருவர் இருந்தார். இன்று சட்டத்துக்குப் பயந்து மறைவாக வைப்பதால் எச்சரிக்கவும் யாரும் இல்லை. பயிர்ச் சேதத்துக்கு வனத்துறையில் மனு கொடுத்து இழப்பீடு கேட்க வழி இருக்கிறது. அலைச்சல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அலைச்சலில் உயிர் போகாது.

ஆகவே அமெரிக்காவில் இருக்கும் நம் தம்பிக்கு என் பதில் இதுதான். நம் ஊரிலும் உண்டு தம்பி, உங்கள் ஊர் வகுப்புக்குப் பல நூறு ஆண்டு முன்பே உண்டு. இன்று சட்டப்படி இல்லை, இருக்கவும் வேண்டாம். ஆனால் அந்த வகுப்பின் முதல் பாடமான தடம் பார்த்தலை மட்டும் நீங்களும் உங்கள் பிள்ளைகளும் கற்றுக்கொள்ளுங்கள். காலையில் கொல்லையில் இறங்கிப் பாருங்கள். நகம் பதிந்திருக்கிறதா, இல்லையா? பூனை வந்து போனது தெரிந்தால் போதும், அது போகட்டும்.

ஊரில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் இப்போது ஆசிரியர்களாகவும் அலுவலகங்களில் பொறுப்பிலும் இருக்கிறீர்கள். உங்கள் பள்ளிக்கு நரிக்குறவப் பிள்ளை ஒன்று வந்தால் சான்றிதழ் விண்ணப்பத்தை நீங்களே உடன் உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள். மழை பெய்த மறுநாள் அந்தப் பிள்ளையைக் கொண்டே ஒரு பாடம் நடத்திப் பாருங்கள்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் காட்டுப்பூனை, வெருகு, கண்ணி, கிடைக்காவல் பற்றிச் சொன்ன செய்திகள் இருந்தால் கீழே எழுதுங்கள். பழைய சொல் ஏதாவது நினைவிருந்தாலும் எழுதுங்கள், சேர்த்து வைத்துக்கொள்கிறேன்.

எல்லாரும் நலமாக இருங்கள்.